1940இல் நின்றுவிட்ட நினைவு: பிரித்தானிய ஹோம் கார்டு குறித்த வழித்தோன்றல் கதையாடல்களும் ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் இயங்கிய ஹோம் கார்டு படையில் தம் முன்னோர் ஆற்றிய பணியை வழித்தோன்றல்கள் எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1968 முதல் 1977 வரை பி.பி.சி.யில் ஒளிபரப்பான ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் நகைச்சுவைத் தொடர் அந்நினைவைக் கேலிப்பொருளாக்கிவிட்டது என்பது பரவலான குற்றச்சாட்டு. தொடரின் நகைச்சுவையைக் காட்டிலும் அதன் காலமே நினைவைப் பெரிதும் பாதித்துள்ளது என இக்கட்டுரை வாதிடுகிறது. படையின் ஆயுளில் சில மாதங்களே நீடித்த 1940ஆம் ஆண்டுத் தன்னார்வக் கட்டம் முழுப் பணிக்காலத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அரசு வழங்கிய சான்றிதழ் தொடங்கி வைத்த இந்த உறைவைத் தொடர் நிலைபெறச் செய்தது. குடும்பக் கதைகள் அதனை ஏற்றுக்கொண்டன. தமிழ் இலக்கண மரபின் ‘வழு’, ‘வழுவமைதி’ என்னும் கருத்துகள் இத்தகைய நினைவுப் பிறழ்ச்சிகளைப் பகுத்தறியத் துணைசெய்கின்றன.

திறவுச் சொற்கள்: ஹோம் கார்டு, டாட்ஸ் ஆர்மி, குடும்ப நினைவு, வாய்மொழி வரலாறு, வழுவமைதி.

முன்னுரை

போரில் பங்கேற்ற தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதும் கதை, வரலாற்று ஆவணமாகவும் இலக்கியப் பனுவலாகவும் ஒருங்கே நிற்பது. வரலாற்றாசிரியர் அதில் தகவல் பிழைகளைத் தேடுவார். இலக்கியத் திறனாய்வாளர் அப்பிழைகள் எந்த வடிவத்தில், எந்தக் கதையின் சாயலில் அமைகின்றன என்று பார்ப்பார். இக்கட்டுரை இரண்டாவது வகையைச் சார்ந்தது. பி.பி.சி. நிறுவனம் 2003 முதல் 2006 வரை ‘மக்களின் போர்’ என்னும் திட்டத்தின்கீழ்ப் பொதுமக்களிடமிருந்து ஏறத்தாழ 47,000 கதைகளைத் திரட்டியது. அவற்றுள் ஹோம் கார்டு தனியொரு பிரிவாகவே இடம்பெற்றது. பணியாற்றியவர்களே எழுதியவை, மகனும் மகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டதைக் கொண்டு எழுதியவை என அப்பிரிவில் இருவகைக் குரல்களும் உண்டு. வழித்தோன்றல் கதையாடலைப் பயில விரும்புவோர்க்கு இதனினும் பெரிய களம் அரிது.

கலைச்சொல் குறித்து ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். ஹோம் கார்டு என்பதற்கு ‘ஊர்க்காவல் படை’ என்பதே இயல்பான தமிழாக்கம். எனினும் அதனை இங்குத் தவிர்க்க நேர்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அத்தொடர், 1946இல் பம்பாயில் தொடங்கப்பெற்று 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் நாடு முழுவதும் சீரமைக்கப்பட்ட அமைப்பையும், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் காக்கி உடையினரையும் நினைவூட்டும். ஈழத்து வாசகருக்கோ உள்நாட்டுப் போர்க்காலத்தில் எல்லையோரச் சிங்கள, முஸ்லிம் கிராமங்களில் ஆயுதம் வழங்கப்பட்ட படையினரை நினைவூட்டும். அந்நினைவில் நகைச்சுவைக்கு இடமில்லை. ஒரே பெயர் மூன்று நாடுகளில் மூன்று வேறு உணர்வுகளைத் தாங்கி நிற்பதால் பிரித்தானியப் படையை ஹோம் கார்டு என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு படை, இரு கட்டங்கள்

1940 மே 14ஆம் நாள் இரவு, போர் அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் உரையாற்றினார். நெதர்லாந்தில் ஜெர்மானியப் படையினர் வான்குடை மூலம் இறங்கிய செய்தி வந்து நான்கு நாள்களே ஆகியிருந்தன. 17 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம் என்றும், ஊதியம் இல்லை என்றும், சீருடையும் ஆயுதமும் வழங்கப்படும் என்றும் அவர் அறிவித்தார். ‘உள்ளூர்த் தற்காப்புத் தொண்டர்கள்’ என்பதே படைக்கு முதலில் இடப்பட்ட பெயர். ஜூலை இறுதிக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் சேர்ந்துவிட்டனர். அரசு இந்த வெள்ளத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. வாக்குறுதியளித்த துப்பாக்கிகள் இல்லை. சீருடைக்குப் பதிலாகக் கைப்பட்டையே கிடைத்தது. வேட்டைத் துப்பாக்கி, துடைப்பக் கழி, பழங்காலத்து வாள் ஆகியவற்றுடன் அணிவகுத்த காட்சிகள் இக்கோடைக்குரியவை. படையின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தைப் ‘பார், குனி, மறைந்துபோ’ என விரித்துக் கேலிசெய்ததும் அப்போதுதான். சர்ச்சிலின் வற்புறுத்தலால் ஜூலையில் ‘ஹோம் கார்டு’ என்னும் பெயர் வந்தது. அதன் பின்னரும் ஆயுதப் பற்றாக்குறை முற்றிலும் நீங்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஈட்டியேனும் இருக்கவேண்டும் என்று 1941இல் சர்ச்சில் எழுதியதை அதிகாரிகள் அப்படியே பொருள்கொண்டு, குழாயின் முனையில் துப்பாக்கிக் கத்தியைப் பற்றவைத்த ஈட்டிகளை உண்மையிலேயே உற்பத்தி செய்யவைத்தனர். உருவகத்தை நேர்ப்பொருளாகக் கொண்ட இப்பிழையை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் தனியே புனைய வேண்டியதில்லை.

இது முதற்கட்டம். 1941 டிசம்பரில் இயற்றப்பட்ட இரண்டாம் தேசியப் பணிச் சட்டம் படையின் இயல்பை மாற்றியது. 1942 தொடக்கம் முதல் ஆள்களை ஹோம் கார்டில் சேருமாறு அரசு ஆணையிட முடிந்தது. நான்கு வாரத்திற்கு 48 மணி நேரம் வரை பணி கட்டாயமாக்கப்பட்டது. வராதவர்மீது வழக்குத் தொடரலாம். விரும்பியபோது விலகும் உரிமையும் போயிற்று. தொழிற்சாலையில் பகல் முழுதும் உழைத்த பின்னர் இரவில் காவற்பணிக்குச் செல்வது என்பது பலருக்கு விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கவில்லை. அதே வேளையில் பணியின் தரமும் உயர்ந்தது. வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிகளையும், ‘இசட்’ எனப்பட்ட ராக்கெட் அணிகளையும், கடலோரப் பீரங்கிகளையும் ஹோம் கார்டினர் இயக்கினர். 1944 டிசம்பர் 3ஆம் நாள் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த அணிவகுப்போடு படை பணியிலிருந்து ஓய்வு பெற்றது. 1945 இறுதியில் முறைப்படி கலைக்கப்பட்டது. பணியின்போதும் பணியில் பெற்ற காயங்களாலும் இறந்தோர் 1,200க்கும் மேற்பட்டோர். பயிற்சி விபத்துகளுக்கு அவ்விழப்பில் பெரும்பங்கு உண்டு.

நான்கரை ஆண்டுப் பணிக்காலத்தில் முதற்கட்டத்தின் ஆயுள் மிகச் சிறிது. வழித்தோன்றல்கள் சொல்லும் கதைகளிலோ அதுவே பெரும்பாலும் முழுக்கதையாகிறது. துடைப்பக் கழி வருகிறது. ராக்கெட் அணி வருவதில்லை. ஓடிச்சென்று பெயர் கொடுத்த தாத்தா வருகிறார். ஆணை பெற்று வேண்டாவெறுப்பாகச் சென்ற தாத்தா வருவதில்லை. இதற்கு ‘டாட்ஸ் ஆர்மி’யை மட்டும் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அத்தொடர் தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே உறைவு தொடங்கிவிட்டது.

சான்றிதழ் என்னும் பனுவல்

ஹோம் கார்டில் பணியாற்றியவர்களுக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கையொப்பம் அச்சிடப்பட்ட சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டது. பல குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுவே. பெயருக்கும் பணிநாள்களுக்கும் வெற்றிடம் விட்டு, எஞ்சிய வாசகம் அனைவருக்கும் ஒன்றாகவே அச்சிடப்பட்டிருக்கும். நாடு பேரிடரில் இருந்த ஆண்டுகளில் இன்னார் தம் நேரத்தையும் ஆற்றலையும் தாராளமாக ஈந்து, ஆயுதத்தாலும் தேவையெனில் உயிராலும் நாட்டைக் காக்கத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார் என்பது அதன் கருத்து.

இவ்வாசகத்தில் ‘தாராளமாக ஈந்தார்’ என்னும் வினையே கவனத்திற்குரியது. ஈகை ஈவோனின் விருப்பத்தைக் குறிப்பது. 1940 மே மாதத்தில் முதல் நாளே பெயர் கொடுத்தவருக்கு அது பொருந்தும். 1943இல் ஆணையின்பேரில் சேர்க்கப்பட்டவருக்கும் அதே வினையையே அரசு வழங்கிற்று. சட்டம் நேரத்தை எடுத்துக்கொண்டது. சான்றிதழ் அதனைக் கொடையாக மாற்றி எழுதியது. படையின் பிற்கட்டத்தை முற்கட்டத்தின் மொழியில் எழுதிய முதல் பனுவல் இதுவே எனலாம். கையால் நிரப்பப்பட்ட இரு நாள்கள் மட்டுமே இம்மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. முதல் நாள் 1942க்குப் பிற்பட்டதாயின், ‘தாராளமாக’ என்பதைச் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். சட்டமிட்டு மாட்டிய சான்றிதழை வழித்தோன்றல்கள் முகம் பார்ப்பதுபோல் பார்க்கின்றனர், நாள்களைப் படிப்பதில்லை.

பதக்கமும் இத்தகையதே. மூன்றாண்டு பணியாற்றியோர் ‘டிஃபென்ஸ் மெடல்’ பெறத் தகுதியுடையவர். ஆனால் அதனை விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. பலர் விண்ணப்பிக்கவில்லை. பதக்கம் இல்லாமையைக் கொண்டு பணி இல்லை என்றோ, சிறிது என்றோ முடிவுகட்டுவது பொருந்தாது.

தொடரின் நகைச்சுவையும் தொடரின் காலமும்

‘டாட்ஸ் ஆர்மி’ 1968 ஜூலை 31 முதல் 1977 நவம்பர் 13 வரை ஒன்பது பருவங்களாக, 80 பகுதிகளாக ஒளிபரப்பானது. ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதினர். பெர்ரி பதின்பருவத்தில் ஹோம் கார்டில் பணியாற்றியவர். தொடரில் வரும் பைக் என்னும் இளைஞன் ஓரளவு அவருடைய சாயலே. கிராஃப்ட் வான் தாக்குதல் முன்காப்புப் பணியில் இருந்தவர். நடிகர்களுள் ஜான் லாரி முதல் உலகப் போரில் போரிட்டவர்; இரண்டாம் போரில் ஹோம் கார்டில் இருந்தவர். மென்மையே உருவான காட்ஃப்ரியாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி 1916இல் சொம் போர்க்களத்தில் கடுங்காயமுற்றவர். 1940இல் மீண்டும் படையுடன் பிரான்சுக்குச் சென்று திரும்பியவர். பின்னர் ஹோம் கார்டிலும் சேர்ந்தவர். எனவே இத்தொடரை அறியாதோர் செய்த ஏளனம் என்று ஒதுக்க இயலாது. பங்கேற்றோரே தம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டது இது.

எனினும் ஒளிபரப்புக்கு முன்பே ஓர் ஐயம் எழுந்தது. தொடக்கப் பெயர்க்காட்சியில் அகதிகளும் நாஜிப் படையினரும் தோன்றும் உண்மையான ஆவணப்படக் காட்சிகளை இணைக்கவே படைப்பாளிகள் எண்ணியிருந்தனர். பி.பி.சி.யின் தொலைக்காட்சிப் பொறுப்பாளர் பால் ஃபாக்ஸ் அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கவே அக்காட்சிகள் நீக்கப்பட்டன. இன்று நாம் காணும் பெயர்க்காட்சியில் ஐரோப்பிய வரைபடத்தின்மீது அம்புகள் முன்னேறிப் பின்வாங்குகின்றன. பட் ஃபிளானகன் பாடுகிறார். 1968இல் இயற்றப்பட்ட அப்பாட்டைப் போர்க்காலப் பாட்டென்றே பலரும் நம்புகின்றனர். அகதிகளின் முகங்கள் இருந்த இடத்தில் அம்புகள் வந்தமர்ந்தது சிறிய திருத்தமன்று. அச்சத்தின் காரணம் திரையிலிருந்து அகன்றது. அஞ்சியவர்களின் பரபரப்பு மட்டும் எஞ்சியது. தொடரின்மீது குற்றம் சாட்ட வேண்டுமெனில் அதனை இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது எழுத்தாளர்களின் குற்றமன்று.

கதைகளை உற்றுநோக்கினால் நகைச்சுவையின் இலக்கு படையின் திறமையின்மை அன்று என்பது புலனாகும். வங்கி மேலாளர் மேனரிங் படைத்தலைவராகிறார். அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் வில்சன் சார்ஜென்ட் ஆகிறார். மேனரிங் முயன்று முன்னேறியவர். வில்சன் உயர்குடிப் பழக்கவழக்கங்களோடு பிறந்தவர். பதவி ஒருவரிடம், பெருமிதம் மற்றவரிடம். ஆங்கிலச் சமூகத்தின் வர்க்க வேறுபாட்டை இவ்வளவு தொடர்ச்சியாகச் சோதித்த தொலைக்காட்சிப் பனுவல்கள் சிலவே. மேனரிங் அகந்தை மிக்கவர், ஆயினும் கோழையல்லர். வேடிக்கையான இடர்களில் அவர் முன்னே நிற்கத் தயங்குவதில்லை.

1969இல் ஒளிபரப்பான ‘பிராண்டட்’ என்னும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. காட்ஃப்ரி முதல் உலகப் போரில் மனச்சான்றின்படி ஆயுதமேந்த மறுத்தவர் என்பது வெளிப்படுகிறது. உடனிருந்தோர் அவரை ஒதுக்குகின்றனர். பின்னர் அவர் மருத்துவப் பிரிவில் சேர்ந்து சொம் போர்க்களத்தில் காயமுற்றோரை மீட்டுப் பதக்கம் பெற்றவர் என்று தெரிகிறது. ஒதுக்கியவர்கள் வெட்கப்படுகின்றனர். இப்பகுதியின் முடிவில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பதக்கம் பெறாத மறுப்பாளராக அவர் இருந்திருந்தால் குழு அவரை ஏற்றிருக்குமா என்னும் வினாவைக் கதை தவிர்த்துவிடுகிறது. என்றாலும், முன்னோர் ஒருவரின் பணியைப் பற்றி அருகிலிருப்போர்கூட அறியாதிருக்கலாம் என்பதையும், அவர் தாமே அதனைச் சொல்லாதிருக்கலாம் என்பதையும் அரைமணி நேர நகைச்சுவைக்குள் சொன்னது எளிய செயலன்று. அப்பாத்திரத்தில் நடித்தவர் அதே போர்க்களத்தின் காயங்களை உடலில் சுமந்தவர் என்பதை அறிந்து காணும்போது காட்சியின் கனம் கூடுகிறது.

இங்ஙனம் நகைச்சுவையைக் குற்றத்திலிருந்து விடுவித்தபின் எஞ்சுவது காலம். தொடரில் அமெரிக்கப் படையினர் வருகின்றனர். ஆகவே கதை 1940ஐத் தாண்டுகிறது என்று வாதிடலாம். ஆனால் அச்சூழல் தாண்டுவதில்லை. 1977ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலும் திருமண விருந்தின் நடுவே படையெடுப்பு எச்சரிக்கை வருகிறது; அவர்கள் காவலுக்குச் செல்கின்றனர். பிறகு பார்வையாளரை நேர்நோக்கி ஹோம் கார்டுக்காகக் கோப்பை உயர்த்துகின்றனர். 1944ஆம் ஆண்டு டிசம்பர் அணிவகுப்பைத் தொடர் காட்டவே இல்லை. கட்டாயப் பணியும் வழக்கும் அபராதமும் கதையைச் செலுத்தும் பொருளாவதில்லை. எதிரி வரவிருக்கும் கோடையிலேயே வால்மிங்டன் என்னும் அந்தக் கற்பனை ஊர் ஒன்பதாண்டு நின்றுவிட்டது.

மறந்துபோன வேறு வடிவங்கள்

போர் நடந்துகொண்டிருந்தபோதே திரைப்படம் ஹோம் கார்டை வேறு விதமாகக் கண்டது. கவால்காந்தி இயக்கிய ‘வென்ட் த டே வெல்?’ (1942) படத்தில் பிரித்தானிய வீரர் வேடத்தில் வந்த ஜெர்மானியர் ஒரு கிராமத்தைக் கைப்பற்றுகின்றனர். 1940 ஜூன் முதல் தேவாலய மணிகள் படையெடுப்பை அறிவிப்பதற்கென ஒதுக்கப்பட்டிருந்தன. படத்தில் மணி ஒலிக்கிறது. மிதிவண்டியில் செல்லும் ஹோம் கார்டினர் அதனைக் கேட்டும் பொருட்படுத்தாமல் சென்று சுட்டுக்கொல்லப்படுகின்றனர். அஞ்சலகப் பெண் கோடரியால் ஒரு வீரனைக் கொல்கிறாள். மறு ஆண்டு வந்த ‘த லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்’ ஹோம் கார்டின் முதிய தளபதியைப் பழைய போர்முறையின் சின்னமாகக் காட்டியது. மரணமும் விமர்சனமும் அன்று சொல்லத்தக்கனவாக இருந்தன.

அரசியலும் அவ்வாறே. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பங்கேற்ற டாம் விண்ட்ரிங்ஹாம் 1940 ஜூலையில் ஆஸ்டர்லி பார்க்கில் கொரில்லாப் போர்ப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே போர் அமைச்சகம் அதனைத் தன்வயப்படுத்தியது. ஜார்ஜ் ஆர்வெல் லண்டனில் சார்ஜென்டாக 1943 வரை பணியாற்றினார். உழைக்கும் மக்களின் கையில் துப்பாக்கி இருப்பது ஜனநாயகத்திற்கு உரிய நிலை என்று கருதினார். ‘மக்கள் படை’ என்னும் இக்கனவு குடும்பக் கதைகளில் ஏறத்தாழ முற்றிலும் இல்லை. தாத்தா ஏன் சேர்ந்தார் என்ற வினாவுக்கு நாட்டுப்பற்று என்ற ஒரு விடையே போதுமானதாகிவிட்டது.

வழுவும் வழுவமைதியும்

பென்னி சம்மர்ஃபீல்டும் கொரின்னா பெனிஸ்டன்-பர்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வுநூல் ஹோம் கார்டு குறித்த வாய்மொழிச் சான்றுகளை விரிவாகத் திரட்டியது. நேர்காணப்பட்டோர் தம் நினைவைத் தொடரோடு ஒப்பிட்டோ மறுத்தோ பேச வேண்டியிருந்ததை அந்நூல் காட்டுகிறது. அதற்கு அடிப்படையாகும் கருத்துகளுள் ஒன்று கிரகாம் டாசனுடையது. மனிதர் தம் கடந்தகாலத்தைக் கதையாக அமைக்கும்போது அக்கதையால் மனம் அமைதியும் அடைகின்றனர் என்பது அது. இவ்விரு பொருளையும் ஆங்கிலத்தில் அவர் ஒரே சொல்லில் அடக்குகிறார். தமிழில் அதற்கு முயற்சியே தேவையில்லை. ‘அமைதி’ என்பது நமக்கு அமைப்பும் ஆகும், தணிவும் ஆகும்.

நம் இலக்கண மரபு மேலும் ஒரு படி செல்கிறது. பிழையை முற்றிலும் விலக்கத்தக்கது என்றும், காரணம் பற்றி ஏற்கத்தக்கது என்றும் அது பகுக்கிறது. பசுவை அம்மா என்று அழைப்பது திணை வழு. அழைப்பவரின் உவகை காரணமாக அது வழுவமைதியாகிறது. வழித்தோன்றல் கதைகளின் பிழைகளையும் இவ்வாறு பகுக்கலாம்.

தாத்தாவை அப்போதே முதியவராக எண்ணுவது ஓர் எடுத்துக்காட்டு. ஹோம் கார்டில் படைக்கு அழைக்கப்படக் காத்திருந்த பதினேழு, பதினெட்டு வயதினரும், சுரங்கம், ரயில்வே, தொழிற்சாலை ஆகிய விலக்களிக்கப்பட்ட பணிகளில் இருந்த இளைஞரும் பெருந்தொகையினர். பேரன் அறிந்த தாத்தாவோ நரைத்தவர். அந்த நரையைப் பின்னோக்கி ஏற்றி, தொடரில் வரும் ஜோன்ஸ் போன்ற முதியவராக அவரைக் கற்பனை செய்வது அன்பின்பாற்பட்ட வழு. ஆயினும் இது தீங்கற்றதன்று என்றும் தோன்றுகிறது. முப்பது வயது ஆண் ஏன் போர்முனைக்குச் செல்லவில்லை என்ற, அக்காலத்தில் அவரைத் தெருவில் துரத்தியிருக்கக்கூடிய வினாவை முதுமை மூடிவிடுகிறது. சுரங்கத் தொழிலாளி சுரங்கத்தில் இருப்பதே போருக்குத் தேவை என்று அரசே முடிவு செய்திருந்தது. முதுமையைக் காரணமாக்கும் கதை அவ்வுழைப்பையும் சேர்த்து மறைக்கிறது. எனவே வயதை இளமையாக்கித் திருத்துவது தகவல் திருத்தம் மட்டுமன்று. அவர் இரவில் விழித்திருந்தது ஒரு பகலின் உழைப்புக்குப் பின் என்பதை மீட்பதும் ஆகும்.

துடைப்பக் கழிக் கதையைச் சொல்லும்போது சிரிப்பதை வழுவமைதி என்றே கொள்ளலாம். பணியாற்றியோரும் அவ்வாறுதான் சிரித்தனர். கட்டாயப் பணியைத் தன்னார்வமாகச் சொல்வதை அவ்வாறு அமைக்க இயலாது. வேண்டாவெறுப்போடு சென்றும் நான்கு வாரத்திற்கு 48 மணி நேரத்தை ஆண்டுக்கணக்கில் நிறைவேற்றியவரின் சோர்வு அதனால் இல்லாமற்போகிறது. உற்சாகத்தை மட்டும் பணியென மதிக்கும் நினைவு, சோர்வோடு செய்த பணியைப் பணியாகவே கருதாது.

இந்நிலை பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளானபின் சென்னை நகரம் காலியானது. அந்த வெளியேற்றத்தின் பரபரப்பு நம் குடும்பக் கதைகளில் இன்றும் வாழ்கிறது. மக்கள் திரும்பியபின் விளக்கணைப்பை மேற்பார்த்துத் தெருத்தெருவாக நடந்த ஏ.ஆர்.பி. பணியாளரின் நீண்ட இரவுகளைப் பற்றி நம் ஆய்வாளர்கள் கேட்டதும் குறைவு. கேட்கத்தக்கோர் அனேகமாக மறைந்துவிட்டனர். கேட்ட பிள்ளைகளும் முதுமையில் உள்ளனர்.

உடையூசி

முழுமையாக விடுபட்டவர்கள் பெண்கள். நாடாளுமன்ற உறுப்பினர் எடித் சம்மர்ஸ்கில் பெண்களுக்கும் ஆயுதப் பயிற்சி வேண்டும் என்று தொடர்ந்து போராடினார். 1941 இறுதியில் உருவான ‘பெண்கள் இல்லப் பாதுகாப்பு’ அமைப்பு அரசின் ஒப்புதலின்றியே பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தது. 1943இல் அரசு இறங்கி வந்து, எழுத்துப்பணி, சமையல், தகவல் தொடர்பு, வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றுக்குப் பெண்களைத் துணைப்பணியாளராக ஏற்றது. ஆயுதம் இல்லை, சீருடையும் இல்லை. ‘எச்.ஜி.’ என்னும் எழுத்துகள் பொறித்த நெகிழியாலான சிறிய வட்ட உடையூசி மட்டும் வழங்கப்பட்டது. இவ்வாறு பணியாற்றியோர் ஏறத்தாழ 32,000 பேர்.

‘டாட்ஸ் ஆர்மி’ இப்பொருளை 1970இல் ‘மம்ஸ் ஆர்மி’ என்னும் ஒரே பகுதியில் எடுத்துக்கொண்டது. பெண்கள் சேர்கின்றனர், மேனரிங் அவர்களுள் ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார், ரயில் நிலையத்தில் பிரிவு நேர்கிறது. ஆர்தர் லோவின் நடிப்பில் அக்காட்சி தொடரிலேயே மிகவும் உருக்கமானது. ஆனால் அவ்வுருக்கத்தின் முடிவில் பெண்கள் படையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். அவர்கள் எதற்காக வந்தனர் என்பது காதலின் பின்னணியாகிவிட்டது. தொடரின் வழு இது என்றே கருதுகிறேன்; இதனை அமைக்கக் காரணம் ஏதும் தென்படவில்லை.

வழித்தோன்றல்கள் தாத்தாவின் சான்றிதழைத் தேடுகின்றனர். அதற்கு அலமாரியும் சட்டமும் உண்டு. பாட்டியின் உடையூசி, கிடைத்தால், தையல் பெட்டியில் பொத்தான்களோடு கிடைக்கிறது. அதில் பெயரும் இல்லை, நாளும் இல்லை. இரு எழுத்துகளைக் கண்ட பேத்தி, அது தாத்தாவுடையது என்றே எண்ணிச் சான்றிதழுக்கு அருகில் வைக்கக்கூடும்.